மாலை கழற்றும் நாள்

ஐப்பசி 26, புதன்

இந்த நோட்டு என் பேரன் நேசனுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரம்மா கொடுத்தாளாம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இதில் எழுது, எழுதினால் அடங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். முதல் பக்கத்தில் 'தோணுது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே மறுபடியும் 'தோணுது'. அதோடு சரி. மருமகள் கோமதி இதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட வைத்திருந்தாள். நல்ல தாள், கோடு போட்டது. நான் எடுத்துக்கொண்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறக்காது. இந்த வீட்டில் எல்லாருக்கும் சங்கடம் அதுதான்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். என் மகன் பரமசிவன் டவுன் பஸ் ஓட்டுகிறான், டூட்டியில் பாதியில் இறங்க முடியாது. கோமதிதான் ஜவுளிக்கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். நேசன் பதினொன்றாம் வகுப்பு. கக்கூஸுக்குள் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். சிகரெட் இல்லை, பீடி இல்லை, விரல் நீளத்தில் ஒரு சாமான். தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் விழாது. உறிஞ்சினால் ஆவி வருமாம். வேப் என்று பெயர். இந்த நாட்டில் விற்கவே கூடாது என்கிறார்கள், அப்படியும் இவன் கைக்கு வந்திருக்கிறது. இன்னொரு தடவை பிடிபட்டால் டீசி கொடுத்துவிடுவோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சாமானை நான் ஆவணி மாசமே பார்த்தேன். துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில் கிடந்தது. மோந்து பார்த்தால் தர்பூசணி வாசம். கோமதியின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த செண்டு என்று நினைத்து, பீரோவில் என் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்தேன். மறுநாள் காணோம். கோமதிதான் எடுத்துவிட்டாள் என்று அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

பரமசிவன் வந்து அவனை அறைந்தான். பையன் அழவில்லை. சாப்பிட்டான், படுத்தான்.

ஐப்பசி 29, சனி

மழை. துணி காயவில்லை.

பரமசிவன் ஒரு முடிவோடு வந்தான். "இந்த வருசம் அவனுக்கு மாலை போட்டுருவோம்மா. சபரிமலைக்குப் போயிட்டு வரட்டும். சாமி பயம் இருந்தா தன்னால விட்டுருவான்."

"உங்க அப்பாவுக்கு இல்லாத சாமி பயமா?" என்றேன்.

"அப்பா விட்டாகள்லா. கழுத்துல மாலை ஏறிட்டா ஒரு பீடி தொட மாட்டாக."

"கழத்துன பொறவு?"

அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பதில் இல்லாவிட்டால் இவன் அப்பாவும் இப்படித்தான் கைலியை மடித்துக் கட்டுவார்.

அவர் வருசா வருசம் மாலை போட்டவர். கார்த்திகை பிறந்தால் பீடிக்கட்டை என் கையிலேயே கொடுத்து, "தூர எறிஞ்சுரு" என்பார். ஒரு மண்டலம் முழுக்க வீட்டில் சாம்பிராணி வாசம்தான். முகம் தெளிந்துவிடும், இருமல் நின்றுவிடும். ராத்திரி மூச்சு சீராகப் போகும். பக்கத்தில் படுத்திருந்து கேட்டால் சின்னப் பிள்ளை தூங்குகிற மாதிரி இருக்கும். இந்த வருசத்தோடு விட்டுவிடுவார் என்று நினைப்பேன். மலைக்குப் போய்விட்டு வருகிற அன்றைக்குப் பாயசம் வைத்து, ஆரத்தி கரைத்து, வாசலில் நிற்பேன். தெருமுனையில் வேன் நிற்கும். கூட மலைக்குப் போகிற சேக்காளி சங்கரபாண்டி அங்கேயே மாலையைக் கழற்றிவிட்டு, இவருக்குத் தீக்குச்சி உரசி நீட்டுவான். வாசலுக்கு வரும்போது பீடி வாசத்தோடு வருவார்.

சாமி கேட்டால் விடுவார். நான் நின்றதற்கு விடவில்லை. ஒவ்வொரு வருசமும் இதே கதை. அந்தப் பாயசம் எல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது.

கார்த்திகை 1, திங்கள்

விடியற்காலையில் அம்மன் கோயிலில் வைத்து மாலை போட்டார்கள். குருசாமி யார் என்றால் அதே சங்கரபாண்டி. தாடி நரைத்துவிட்டது. "நல்லாருக்கீகளா மதினி?" என்றான். நான் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் செத்த அன்றைக்கு அவன் வாசலில் வந்து அழுதபோதும் நான் பேசவில்லை. இப்போது பேசிவிடுவேனா?

நேசன் கருப்பு வேட்டியில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். ஆரத்தித் தட்டை நான் எடுத்தேன். கோமதியின் அம்மா சொர்ணம் சிரித்துக்கொண்டே, "நீங்க இருங்க சம்பந்தி" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுமங்கலி எடுக்க வேண்டுமாம். என் பேரனுக்கு நான் எடுக்கக் கூடாது. சரி, இருக்கட்டும். பரமசிவன் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தவள்தானே அவள்.

இனி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவனும் எங்களை அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும், "சாமி, இட்லி சாப்பிட வாங்க" என்றேன். அறை வாங்கின அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் வாயோரம் சிரிப்பு வந்தது. "வாரேன் ஆச்சி சாமி" என்றான்.

கார்த்திகை 3, புதன்

சாம்பாரில் உப்பு இல்லை என்று சாமி சொன்னார். சாமி சொன்னது சரிதான்.

கார்த்திகை 9, செவ்வாய்

உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. புத்தகத்தைத் திறக்கிறான், மூடுகிறான். கோமதி ஒரு வார்த்தை சொன்னால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். "மாலை போட்டும் கோவம் போகலையே" என்று அவள் அழுகிறாள். இது கோபம் இல்லை. முதல் பத்துப் பதினைந்து நாள் இவன் தாத்தாவும் இப்படித்தான் சுவரைச் சுவரைப் பார்ப்பார். வாய் எதையாவது தேடும். நான் கிராம்பு வறுத்துக் கொடுப்பேன்.

இன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் நாலைந்து கிராம்பு வைத்தேன். தட்டு எடுக்கும்போது கிராம்பு இல்லை.

பரமசிவன் செல்போனில் கருத்துப்போன நுரையீரல் படம் ஒன்றை அவனுக்குக் காட்டினான். பையன் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றான். தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் நிஜப் படமே எடுத்துக் காட்டினார்கள். அவரும் அப்படித்தான் சரி என்றார்.

கார்த்திகை 13, சனி

ரேஷன் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்ற ஆள் மழைக்கு ஒதுங்கிப் பீடி பற்றவைத்தான். பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், நானும் முந்தானையை எடுத்தேன், மூக்குக்குத்தான் போகவில்லை. ஒரு பொம்பளை கைப்பிள்ளையோடு வந்தாள், அவளை முன்னே விட்டேன். அப்புறம் ஒரு கிழவரை விட்டேன். வயசானவர், பாவம். வீட்டுக்கு வர மத்தியானமாகிவிட்டது. பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டான்.

கார்த்திகை 14, ஞாயிறு

எனக்கும் தோணுது.

கார்த்திகை 18, வியாழன்

நேற்றுப் பெரிய கார்த்திகை. வாசல் முழுக்க விளக்கு வைத்தோம். இன்றைக்கு அகல்களைப் பொறுக்கிக் கழுவுவதற்காக சாயங்காலம் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தர்பூசணி வாசம்.

கருப்பு வேட்டி, கழுத்தில் மாலை, கையில் அதே மாதிரி இன்னொரு சாமான். என்னைப் பார்த்ததும் மாலையைத்தான் முதலில் மூடினான், பிறகுதான் கையை மறைத்தான்.

நான் அகல்களைப் பொறுக்கினேன். எண்ணெய்ப் பிசுக்கு, நன்றாகத் தேய்க்க வேண்டும். கீழே வந்தேன். கோமதி மூக்கை உறிஞ்சி, "என்னத்தே, பழ வாசமா வருது?" என்றாள்.

"புது ஊதுபத்தி" என்றேன்.

சொன்னால் என்ன ஆகும்? பரமசிவன் அடிப்பான், மாலையைக் கழற்று என்பான், தெருவெல்லாம் தெரியும். அந்தத் தலைவலி எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

கார்த்திகை 19, வெள்ளி

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"ஆச்சி சாமி, ஏன் அப்பாட்ட சொல்லலை?"

"சொன்னா விட்டுருவீகளோ?"

தேங்காய் நாரை எடுத்து ஒரு சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தான். அவன் தேய்க்கிற தேய்ப்பில் சட்டி ஓட்டையாகிவிடும் போலிருந்தது.

"என் பிரண்டு விஷால்தான் கொடுத்தான். முதல்ல சும்மா ஒரு இழுப்பு. இப்ப அது இல்லைனா பாடம் நடத்துறது காதுல விழ மாட்டேங்கு. பெல் எப்ப அடிக்கும், பாத்ரூமுக்கு எப்பப் போலாம்னே மனசு நிக்கு. எனக்கே என்னைப் புடிக்கலை ஆச்சி. நேத்து முழுசா இழுக்கலை, சத்தியமா. நீ வந்துட்ட." சாமி, வாங்க, போங்க எல்லாம் மறந்துபோயிற்று அவனுக்கு.

நான் சட்டியை வாங்கிக் கழுவினேன்.

"தாத்தா எப்படி விட்டாக?"

"விடலை."

"அப்பா சொன்னாகளே, மாலை போட்டா தொட மாட்டாகன்னு."

"மாலை கழுத்துல கிடக்கிற வரைக்கும் தொட மாட்டாக. கழத்துன அன்னைக்கு, தெருமுனையிலேயே பத்தவச்சிருவாக. நான் இங்கன ஆரத்தியோட நிப்பேன்." சொல்லச் சொல்ல எனக்குக் குரல் ஏறியது. எந்த வருசம் என்ன சேலை கட்டியிருந்தேன், என்ன பாயசம் வைத்தேன், என்ன வாசத்தோடு வந்தார் எல்லாம் சொன்னேன். கடைசி வருசம் மாலை போட நெஞ்சில் பலமில்லாமல், கட்டிலில் கிடந்துகொண்டு மாலையைக் கையில் வைத்திருந்ததையும் சொன்னேன்.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "நீ கேட்டியா ஆச்சி?" என்றான்.

"என்னத்த?"

"எனக்காக விட்டுருங்கன்னு."

"வாயைத் தொறந்து கேக்கணுமோ? வருசா வருசம் வாசல்ல நிக்கேன், ஒரு மனுசனுக்குத் தெரியாதா?"

"தெரியாது ஆச்சி" என்றான். "எங்களுக்கெல்லாம் சொன்னாத்தான் தெரியும்."

கோட்டிக்காரப் பயல். போய்ப் படிக்கச் சொன்னேன். படியேறிப் போகும்போது அந்தச் சாமானை என் கையில் வைத்துவிட்டுப் போனான். சாக்கடையில் போட்டால் எலி தின்னுமோ என்று பயந்து, கல்லால் தட்டி உடைத்துக் குப்பை வண்டியில் போட்டேன். கை இன்னும் மணக்கிறது. பீடிக்கட்டாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

கார்த்திகை 26, வெள்ளி

அரையாண்டுப் பரீட்சை. கிராம்பு தீர்ந்துவிட்டது. புதிதாக வாங்கினேன்.

மார்கழி 8, செவ்வாய்

விஷால் என்கிறவன் வாசலில் வந்து பைக்கில் நின்றான். "என்ன சாமியாரே, மலை ஏறி எறங்குனதும் பாத்துக்கிடுவோம். உனக்குன்னு புதுசு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், மாம்பழம்" என்று கத்திவிட்டுச் சிரித்தான். நேசனும் சேர்ந்து சிரித்தான். பிறகு உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான். குடத்தில் பாதி காலி.

அந்தப் பைக்குக்காரன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

மார்கழி 20, ஞாயிறு

கன்னி பூஜை. முதல் தடவை மலைக்குப் போகிற சாமி வீட்டில் பூஜை போட்டு மற்ற சாமிகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். விடிய முன்னே எழுந்து வடைக்கு ஆட்டினேன். வீடு முழுக்கக் கருப்பு வேட்டிகள்.

சங்கரபாண்டி பஜனையில் ஒரு பாட்டுப் பாடினான். பாதியில் மூச்சு வாங்கி, பைக்குள்ளிருந்து இழுப்பு மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். நேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தி முடிந்து போகும்போது சங்கரபாண்டி அடுப்படி வாசலில் நின்று, "மதினி, வடை நல்லாருந்துச்சு. அவன் இருந்தா இன்னும் ரெண்டு கேப்பான்" என்றான்.

எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருந்தது, திரும்ப முடியவில்லை. இரண்டு வடையை இலையில் கட்டி, கோமதியிடம் கொடுத்து அவன் பையில் வைக்கச் சொன்னேன். மீந்துபோனதுதான்.

மார்கழி 23, புதன்

இருமுடி கட்டினார்கள். தேங்காயின் கண்ணைத் திறந்து, தண்ணீரை வடித்து, உள்ளே நெய் ஊற்றி அடைத்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து முடியில் கைப்பிடி அரிசி போட வேண்டும். சொர்ணம் என்னைப் பார்த்தாள். அரிசி போட எல்லாருக்கும் உரிமை உண்டு, அதில் அவள் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று கை போட்டேன்.

என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இதில் எழுத வேண்டியதில்லை. ஐயப்பனிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அதைச் சொன்னேன்.

இருமுடியைத் தலையில் வைத்ததும் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் போனான். திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்கும் தெரியும். இருந்தாலும் தெருமுனை வரை நின்றேன்.

மார்கழி 25, வெள்ளி

வந்துவிட்டான்.

வேன் அதே தெருமுனையில்தான் நின்றது. நான் இந்தத் தடவை பாயசம் வைக்கவில்லை. துணி மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மற்ற சாமிகள் அங்கேயே மாலையைக் கழற்றிக் கும்பிட்டார்கள். ஒருத்தன் கழற்றின கையோடு பெட்டிக்கடைக்குப் போனான். நேசன் மாலையோடேயே வீட்டுக்கு வந்தான். வாசலில் தேங்காய் உடைத்தான். கோமதி, "கழத்திருவோமா சாமி?" என்று கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா. பொறவு."

எல்லாருக்கும் அப்பம் கொடுத்தான், அரவணை கொடுத்தான். எனக்கு விபூதி பூசிவிட்டான். என்னை அறியாமல் மோந்து பார்த்தேன். நெய், கற்பூரம், வியர்வை. அவ்வளவுதான்.

தை 1, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது. நேசன் இன்னும் மாலையோடுதான் இருக்கிறான். விடிய முன்னே குளிக்கிறான், பாயில் படுக்கிறான், வெறுங்காலோடு கரும்பு வாங்கப் போனான்.

தை 2, வெள்ளி

இன்றைக்கு வீட்டில் கறி எடுப்பது வழக்கம். மாலைச்சாமி இருக்கிற வீட்டில் எடுக்க முடியாது. பரமசிவனுக்கு எரிச்சல். "மலைக்குப் போயிட்டு வந்தாச்சு, நோம்பு முடிஞ்சாச்சு. இன்னும் எதுக்குலே இந்த வேசம்?" என்று கத்தினான். கத்தினதும் நாக்கைக் கடித்துக்கொண்டான், மாலை போட்டவனை லே என்று சொல்லிவிட்டானே. கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பையன் மாடிக்குப் போனான்.

தை 4, ஞாயிறு

சங்கரபாண்டியை வரவழைத்துப் பேசவைத்தார்கள். "காலம் பூரா போடுறதுக்கு அது நகை இல்ல சாமி" என்றான் அவன். பையன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

எல்லாரும் போனபிறகு நான் மாடிக்குப் போனேன். வடகம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க.

"நீலிமலை ஏத்தத்துல எனக்கு மூச்சு முட்டிருச்சு ஆச்சி" என்றான், நான் கேட்காமலே. "கூட வந்த சின்னப்பயலுவ எல்லாம் சரணம் சொல்லிக்கிட்டே ஓடுதானுவ. நானும் குருசாமியும் ஒரே பாறையில உக்காந்துட்டோம். அவருக்கு அறுவத்தெட்டு வயசு. அவரு குப்பியை எடுத்து அடிச்சாரு. பொறவு சொன்னாரு, உங்க தாத்தனும் இதே பாறையிலதான் உக்காருவான், ஒவ்வொரு வருசமும் இன்னும் கொஞ்ச நேரம் கூட உக்காருவான்னு."

வடகத்தைத் திருப்பிப் போட்டேன். ஒன்றிரண்டு துணியோடு ஒட்டிக்கொண்டது.

"மாலை கிடந்தா கை போக மாட்டேங்கு. கழத்திட்டா மறுநாளே இழுத்துருவேன். விஷால் மாம்பழம் வச்சிருக்கான். பயமா இருக்கு ஆச்சி."

என் வயசில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சொர்ணத்துக்குச் சொல்லியிருக்கிறேன், தாசில்தாருக்கே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு வடகத்தை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தை 5, திங்கள்

மாலையைக் கழற்ற நேசனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பெற்ற தாய் கையால் கழற்றுவது நல்லது என்று சங்கரபாண்டி சொன்னான். கோமதி முன்னால் வந்தாள். "ஆச்சி கழத்தட்டும்" என்றான் நேசன்.

சொர்ணம் வாயைத் திறந்தாள். "அது எப்படி..."

"ஆச்சி கழத்துனாத்தான் கழத்துவேன். இல்லைனா அடுத்த கார்த்திகை வரைக்கும் கிடக்கட்டும்."

கோமதி நகர்ந்து எனக்கு வழி விட்டாள். முகத்தில் கோணல் இல்லை. இதையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

நான் அவன் எதிரே நின்றேன். என்னைவிட ஒரு தலை உயரம், குனிந்து கொடுத்தான். மாலையில் கை வைத்ததும் கை நின்றுவிட்டது. இத்தனை வருசமும் வாசலில் நின்றபோது வாயில் வராதது அப்போது வந்தது. மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "எனக்காக விடுவீகளா சாமி?" என்றேன்.

பிள்ளை நிமிரவில்லை. "தெரியலை ஆச்சி" என்றான். பொய் சொல்லவில்லை பாருங்கள். பிறகு, "சாயந்திரம் வாசல்ல நிப்பியா?" என்றான்.

"நிப்பேன்."

கழற்றினேன். கழுத்தில் மாலை கிடந்த இடம் வெளுத்திருந்தது. மாலையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, "வாலே நேசா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். சங்கரபாண்டி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். "வெயில் ஏறிட்டு. நிழலோட போங்க" என்று அவனிடம் சொன்னேன். அவன் யாரிடம் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தான்.

தை 6, செவ்வாய்

சாயங்காலம் வாசலில் நின்றேன். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதினான். மத்தியானம் நான் கட்டிக் கொடுத்த புளியோதரை வாசம்.

"அப்பாவுக்கு டிப்போவுல மிசின் வச்சு ஊதச் சொல்லுதாக. எனக்கு வீட்டு வாசல்ல ஆச்சி மிசின்" என்றான்.

தை 8, வியாழன்

லெமன் சாதம்.

தை 9, வெள்ளி

தயிர் சாதம், மாவடு. "பல்லை ஒழுங்கா தேய்லே" என்றேன்.

தை 12, திங்கள்

பள்ளிக்கூடம் லீவு. நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தான், அப்படியும் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்தி ஊதினான். கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு பேருக்கும் கோட்டி புடிச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தை 14, புதன்

பரமசிவனுக்கு இரண்டாம் ஷிப்ட். கோமதி கடையில். நான் வழக்கம் போல வாசலில் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். டியூஷனுக்குப் போகிற பெண்களும் போய்விட்டார்கள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது.

அப்புறம்தான் பார்த்தேன். எதிரே கரண்டுக் கம்பத்தின் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. தலை குனிந்திருந்தது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, வாசம் வர வேண்டியதில்லை. மாம்பழம்.

இவன் தாத்தா வருகிற அன்றைக்கு வாசம் மூக்கில் பட்டதும் நான் ஆரத்தித் தட்டோடு திரும்பி உள்ளே போய்விடுவேன். ஆரத்தித் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றுவேன். மாசி பிறக்கிற வரை அவரோடு பேச்சு இருக்காது. என்ன சேலை, என்ன பாயசம் எல்லாம் இப்போது கேட்டாலும் சொல்வேன். நான் உள்ளே போன பிறகு அவர் எவ்வளவு நேரம் வாசலுக்கு வெளியே நின்றார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

கால் உள்ளே போகத்தான் பார்த்தது. பழக்கம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே நேசா" என்றேன். "எம்புட்டு நேரமா நிக்கது? காலு கடுக்குலே எனக்கு."

அவன் வந்தான், ஆனால் நடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான். கண் சிவந்திருந்தது. "ஆச்சி, நான் இன்னைக்கு..." என்று சொல்லிவிட்டு, ஊதுவதற்காகவே வாயைத் திறந்தான். அடி வாங்குகிறவன் கன்னத்தைக் காட்டுகிற மாதிரி.

"இன்னைக்கு ஊத வேண்டாம்" என்றேன். "கை கால் கழுவிட்டு உள்ள வா. தோசைக்கல்லு காயுது. நாளைக்கு ஊது."

அப்புறம் சைக்கிளை உள்ளே தூக்கிவைத்தான். அழுதானோ என்னவோ, குழாயை ரொம்ப நேரம் திறந்துவிட்டிருந்தான். தோசை நாலு சாப்பிட்டான். தட்டின் ஓரத்தில் வைத்த கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

நாளைக்கு வியாழன். துணி மடிக்கிற வேலையை மத்தியானமே முடித்துவிட வேண்டும். நாலரைக்கெல்லாம் வாசலில் இருக்க வேண்டும்.